முலெஹேவில் நாலு குளிர்காலம்: வீடு சுமார், ரோடு அட்டகாசம்

மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்தில், உள்பக்கக் கடலோரம் முலெஹே என்று ஓர் ஊர். டிஹுவானா எல்லையில் இருந்து தெற்கே சுமார் ஆயிரம் கிலோமீட்டர். அங்கே ஆற்றோரமாக ஒரு ரெண்டு ரூம் வீட்டை நாலு வருஷமாக டிசம்பர் நடுவில் இருந்து மார்ச் கடைசி வரை வாடகைக்கு எடுக்கிறோம். சான் டியேகோவில் இருந்து எங்கள் பழைய காரிலேயே போய்வருகிறோம். கேட்பவர்களுக்கெல்லாம் போனில் அரை மணி நேரம் விளக்கி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் வீடு. சுமார்தான். விளம்பரப் படத்தில் இருந்த கடல் வீட்டில் இருந்து தெரியாது, நடந்தால் முக்கால் மணி நேரம். முன்னால் பனையோலை வேய்ந்த ஒரு பந்தல், அவர்கள் பலாப்பா என்பார்கள், நம் கீற்றுக் கொட்டகையேதான். நாங்கள் சமையல் தவிர மற்ற எல்லாவற்றையும் அதன் அடியில்தான் செய்கிறோம். மொட்டை மாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, குடிக்க இருபது லிட்டர் கேன், அடுப்புக்கு சிலிண்டர். சென்னையில் வாடகை வீட்டில் இருந்தவர்களுக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. டாய்லெட் பேப்பரை மட்டும் உள்ளே போடக்கூடாது, பக்கத்துக் கூடையில்தான். தொட்டியின் மிதவை வால்வு முதல் வருஷமே சிக்கிக்கொண்டது, ராத்திரி ரெண்டு மணிக்கு மாடியில் இருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டு எழுந்து ஓடினோம். வீட்டுக்காரர் நல்ல மனுஷர், அடுத்த வாரம் மாற்றிவிடுகிறேன் என்றார். நாலு வருஷமாக அதே அடுத்த வாரம்.

பிறகு ஏன் திரும்பத் திரும்பப் போகிறோம் என்றால், பாதிக் காரணம் ரோடு.

1973இல் முழுதாகத் திறந்த ஒன்றாம் எண் நெடுஞ்சாலை. என்செனாடா வரை சுங்கச்சாலை, வலது கைப்பக்கம் பசிபிக், அது வரை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். அப்புறம் சான் கின்டினைத் தாண்டி எல் ரோசாரியோ. இங்கே டேங்கை முட்ட நிரப்பியே ஆகவேண்டும், அடுத்த நம்பகமான பங்க் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். கடாவிஞாவில் ரோட்டோரம் டிரம்மில் வைத்து விற்பார்கள், அவசரத்துக்கு ஆகும், விலை அவர்கள் சொன்னதுதான். பங்க்கில் போடும்போது மீட்டர் சைபரில் நிற்கிறதா என்று இறங்கி நின்று பாருங்கள்.

அந்தக் கடாவிஞா இருக்கிறதே, வீடு வீடாகப் பெரிய பாறைகளை யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போன மாதிரி இருக்கும். நடுநடுவே நாலு ஆள் உயரக் கார்தோன் கள்ளி, தலைகீழாக நட்ட கேரட் போல சிரியோ மரங்கள். மாலை அஞ்சு மணி வெயிலில் பாறையெல்லாம் ஆரஞ்சு நிறமாகும். முதல் ராத்திரி அங்கேதான் தங்குவோம். ஒரே நாளில் முடிந்த வரை தெற்கே போய்விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ரோடு குறுகல், பல இடங்களில் ஓரமே கிடையாது, தார் முடிந்தால் பள்ளம், இருட்டினால் மாடு நடு ரோட்டில் நிற்கும். ரெண்டாவது வருஷம் பட்டப்பகலில் எதிரே வந்த லாரி எங்கள் இடது பக்கக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு போனது. அவர் நிற்கவில்லை, நானும் நிற்க இடமில்லை. முன்னால் போகும் லாரி இடது இண்டிகேட்டர் போட்டால் 'தாண்டிப் போ' என்று அர்த்தம், சில சமயம் அவர் நிஜமாகவே இடது பக்கம் திரும்புவார். எது என்று கண்டுபிடிக்கும் வித்தை எனக்கு இன்னும் வரவில்லை.

ராணுவச் சோதனைச் சாவடிகள் வரும், பயப்பட வேண்டாம். எங்கிருந்து, எங்கே என்று ரெண்டு கேள்வி. போன வருஷம் ஒரு பையன், இருபது வயசு இருக்கும், துண்டில் சுற்றி வைத்திருந்த பிரஷர் குக்கரைத் தூக்கிப் பார்த்து, மூடியைத் திருப்பி, விசிலைக் கழற்றி உள்ளே ஊதி, அப்புறம் சாம்பார் பொடி டப்பாவை முகர்ந்து மூணு தும்மல் போட்டுவிட்டுப் போகச் சொன்னான்.

இருபத்தெட்டாவது அட்சரேகையில் மாநிலம் மாறும், குளிர்காலத்தில் கடிகாரமும் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். முதல் வருஷம் வீட்டில் இருந்து வேலை பார்த்தபோது சுவர்க் கடிகாரத்தை நம்பி, ஆபீஸ் மீட்டிங்குக்கு ஒரு மணி நேரம் முன்பே உட்கார்ந்து யாரும் வரவில்லையே என்று கோபப்பட்டேன். அந்த எல்லையில்தான் குவெரேரோ நெக்ரோ, உப்பளம். பக்கத்துக் காயலுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை சாம்பல் திமிங்கிலங்கள் குட்டி போட வரும். படகில் ஒரு தடவையாவது போங்கள்.

சான் இக்னாசியோவில் பேரீச்சந்தோப்பு, அதைத் தாண்டி எரிமலை, பிறகு வளைந்து வளைந்து இறங்கும் 'நரக இறக்கம்'. அதன் கடைசி வளைவில் திடீரென்று நீலமாகக் கடல். ரெண்டு நாள் பாலைவனத்துக்குப் பிறகு பார்க்கும் அந்த நீலத்துக்காகவே என் மனைவி அங்கே வண்டியை நான்தான் ஓட்டுவேன் என்பாள். கீழே சாந்தா ரொசாலியாவில் பழைய பிரெஞ்சுச் செப்புக் கம்பெனியின் மரவீடுகளும் ஓர் இரும்புச் சர்ச்சும். அங்கிருந்து ஒரு மணி நேரம் முலெஹே.

குளிர்காலத்திலும் எப்போதும் சொர்க்கம் இல்லை. வடகாற்று ஆரம்பித்தால் மூணு நாலு நாள் விடாது, பக்கத்துக் கன்சப்சியோன் விரிகுடாவில் கால் வைக்க முடியாது, வாயெல்லாம் மணல். காற்று நின்ற மறுநாள் காலையில் எல் ரெகெசோன் மணல்திட்டுக்குப் போனால் தண்ணீர் கண்ணாடி போல் கிடக்கும்.

செலவில் ஏமாறாதீர்கள்: அமெரிக்க கார் இன்சூரன்ஸ் அங்கே செல்லாது, மெக்சிகோ பாலிசி தனியாக வாங்கவேண்டும். எல்லையில் சுற்றுலா அனுமதிச் சீட்டு, அதிகபட்சம் 180 நாள். கிரீன் கார்டு இருந்ததால் எங்களிடம் தனி விசா கேட்கவில்லை. பாஹாவுக்குள் மட்டும் ஓட்டினால் காருக்கு இறக்குமதி அனுமதி வேண்டாம்.

வாடகை கொஞ்சம் குறைகிறதே என்று கோடையில் எடுக்காதீர்கள், வெயில் தாங்காது, ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை புயல் பயம் வேறு. 2006இல் ஜான், 2009இல் ஜிமெனா, ரெண்டிலும் ஆறு ஊருக்குள் வந்திருக்கிறது. எங்கள் பலாப்பா தூணில் தண்ணீர் ஏறிய கோடு என் நெஞ்சு உயரத்துக்கு இன்னும் இருக்கிறது. அதனால் அக்டோபர் முடிந்த பிறகுதான் முன்பணம் அனுப்புவோம். இந்த வருஷம் மிதவை வால்வு ஒன்றை இங்கிருந்தே வாங்கி டிக்கியில் போட்டாயிற்று.