கிரானைட் என்று சொல்லி சுண்ணாம்புக்கல்லைத் தலையில் கட்டிவிட்டார்கள்

சமையல் மேடைக்குக் கல் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். கருப்பு கிரானைட் என்று சொல்லி எனக்கு விற்றது சாயம் ஏற்றிய சுண்ணாம்புக்கல். மேடை போட்டு மூன்று வாரம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது.

முதலில் கண்ணில் பட்டது ஒரு வெளிறிய வட்டம். எலுமிச்சம்பழம் நறுக்கிவைத்த இடம். சோப்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லை. கறை என்றால் தேய்க்கத் தேய்க்கக் கொஞ்சமாவது குறையும். இங்கே பாலிஷே அரித்துப்போய், விரலால் தடவினால் சொரசொரவென்று இருந்தது. விற்றவருக்கு போன் செய்தேன். "இயற்கையான கல்லுன்னா அப்படித்தாங்க இருக்கும், சீலர் அடிச்சிருங்க, சரியாயிடும்" என்று சொல்லி வைத்துவிட்டார். சீலர் என்பது கல்லின் மேல் பூசும் பாதுகாப்புப் பூச்சு.

எனக்கு மனசு கேட்கவில்லை. சிங்க் வைக்க வெட்டியெடுத்த துண்டு ஒன்று மூலையில் கிடந்தது, அதன் பாலிஷ் போடாத அடிப்பக்கத்தில் வினிகர் நாலு சொட்டு விட்டேன். சின்னச் சின்னக் குமிழியாக நுரைத்தது. கிரானைட் நுரைக்கவே நுரைக்காது. அது பூமிக்கு அடியில் பாறைக்குழம்பு மெதுவாக ஆறி உறைந்த தீப்பாறை. மெதுவாக ஆறுவதால் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா என்ற கனிமங்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் படிகங்களாக வளர்ந்து, இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருக்கும். சுண்ணாம்புக்கல் பிறந்த விதமே வேறு. பெரும்பாலும் கடலடியில் சிப்பியும் பவளமும் நுண்ணுயிர்களின் ஓடுகளும் படிந்து படிந்து இறுகிய படிவுப் பாறை அது, முக்கால்வாசி கால்சியம் கார்பனேட்தான். புளிப்பு பட்டால் கரையும், கரையும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். நான் பார்த்த நுரை அதுதான்.

அப்புறம் அந்தத் துண்டைத் தண்ணீரில் நனைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். வெட்டிய முகத்தில், சுண்டுவிரல் நகம் அளவில், சுருள் சுருளாக ஒரு சிப்பி! 650 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதித்த குழம்புக்குள் சிப்பி எப்படி இருக்கும்? அதைப் பார்த்தபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

வாங்கும்போது அவர் காட்டிய மூன்று அடையாளங்களை நான் அப்படியே நம்பினேன்: பளபளப்பு, எடை, தொட்டால் ஜில்லென்று இருப்பது. மூன்றுமே எதையும் நிரூபிக்காது. இறுகிய சுண்ணாம்புக்கல்லும் கண்ணாடி மாதிரி பாலிஷ் ஏறும். கிரானைட் ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.6 முதல் 2.7 கிராம், நல்ல சுண்ணாம்புக்கல்லும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு வரும், கையில் தூக்கிப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஜில்லென்று எந்தக் கல்தான் இல்லை?

பார்க்க வேண்டியது கடினத்தன்மை. கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில், சுண்ணாம்புக்கல்லில் உள்ள கால்சைட் (கால்சியம் கார்பனேட் கனிமம்) 3, ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. சாதாரண எஃகுக் கத்தி ஐந்தரை வாக்கில் வரும், அதனால் சுண்ணாம்புக்கல்லில் கத்தி பள்ளமாகவே கோடு போடும், கிரானைட்டில் வழுக்கிக்கொண்டு போகும். சில சமயம் கத்தியின் உலோகம் கல்லில் தேய்ந்து சாம்பல் நிறக் கோடு விழும், அதைக் கீறல் என்று நினைத்துவிடாதீர்கள், ஈரவிரலால் தேய்த்தால் அழியும். மைக்கா மென்மையானது என்பதால் நாலைந்து இடத்தில் கீறிப் பாருங்கள். வினிகர் சோதனையையும் பாலிஷ் போட்ட முகத்தில் செய்யாதீர்கள், மேலே சீலர் இருந்தால் நுரை வராமல் ஏமாற்றிவிடும். சாயம் இருக்கிறதா என்று பார்க்க, நெயில் பாலிஷ் ரிமூவரில் நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் போதும். என் துண்டில் துணி கருத்துப்போனது.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். கருப்பு கிரானைட் என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி காப்ரோ, டோலரைட் என்ற வேறு கருநிறப் பாறைகள்தான், புவியியல் கணக்கில் கிரானைட் இல்லை. ஆனாலும் அவை தீப்பாறைகள், உறுதியானவை, அதைக் கொடுத்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்கவே மாட்டேன். சுண்ணாம்புக்கல்லையும் நான் மட்டமாகச் சொல்லவில்லை. கீசாவின் பெரிய பிரமிடில் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல்தான், உள்ளே மன்னரின் அறைக்குக் கிரானைட்டைக் கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள். எந்தக் கல் எங்கே என்று தெரிந்து போடுவது வேறு, பெயரை மாற்றி விற்பது வேறு.

நான் செய்த பெரிய தப்பு பில்லைப் படிக்காதது. அதில் "கருப்புக் கல்" என்று மட்டும்தான் இருக்கிறது, கிரானைட் என்ற சொல்லே இல்லை. நீங்கள் பாறையின் பெயரை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், மறுத்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். மாதிரித் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிச் சோதித்துவிட்டு, வரும் ஸ்லாப்பையும் வண்டியிலிருந்து இறக்குவதற்கு முன் அடிப்பக்கத்தில் சோதியுங்கள், ஒட்டியபின் யாரும் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. சிப்பி தெரியும் துண்டின் படங்களையும் நுரைக்கும் வீடியோவையும் சேர்த்து எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.