12 துளை வடிவப் பெட்டி: 11-ஐ மூடிவிட்டுக் கொடுங்கள்

கனசதுர மரப்பெட்டி, பக்கங்களில் 12 துளைகள், அவற்றுக்கேற்ற 12 கட்டைகள். அட்டையில் பெரும்பாலும் '1 வயது முதல்' என்றிருக்கும். அந்த வயதில் குழந்தை கட்டையைத் துளைமேல் வைத்து அழுத்தும். நுழையாவிட்டால் மூடியைத் திறந்து உள்ளே போட்டுவிடும் (அதுவும் கெட்டிக்காரத்தனம்தான்). கட்டையை எப்படித் திருப்பினால் பொருந்தும் என்று போடும் முன்பே கணிப்பது பெரும்பாலும் இரண்டு வயதை ஒட்டித்தான் கைகூடுகிறது.

எல்லா வடிவமும் ஒரே கஷ்டமல்ல. உருளையை எப்படித் திருப்பினாலும் போகும். சதுரத்துக்கு நான்கு நிலைகள், சமபக்க முக்கோணத்துக்கு மூன்று, செவ்வகத்துக்கு இரண்டு, அரைவட்டத்துக்கு ஒன்றே ஒன்று. இதில் வில்லங்கமானது ஒருபக்கம் சரிந்திருக்கும் இணைகரம். அதன் அடிமுகம் மேலே வரும்படி பிடித்தால் கண்ணாடி பிம்பமாகிவிடும். எத்தனை சுற்று சுற்றினாலும் நுழையாது, கவிழ்த்துத்தான் போட வேண்டும். மூன்று வயதுப் பிள்ளையும் இதில் திணறும். பெரியவர்களும் ஒரு நொடி விழிப்பதுண்டு.

ஆகவே 11 துளைகளை உள்பக்கமாக அட்டை வைத்து ஒட்டிவிட்டு, வட்டத்தை மட்டும் திறந்து வையுங்கள். அது சலித்ததும் சதுரத்தை வேறொரு பக்கத்தில் திறக்கலாம். பிறகு முக்கோணம். அதன்பின் ஒரே பக்கத்தில் இரண்டு துளைகள். அறுகோணமும் எண்கோணமும் கடைசியில். வட்டத்தோடு குழம்புவது இவைதான். பெட்டியைத் தரையில் வைத்தால் மேல்துளையைக் குழந்தை சாய்வாகப் பார்க்கும், வட்டமே முட்டை வடிவமாகத் தெரியும். துளை முகத்துக்கு நேரே வரும்படி சாய்த்துப் பிடியுங்கள். கையைப் பிடித்துத் திணிக்காமல் "கொஞ்சம் திருப்பு", "கவிழ்த்துப் பாரு" என்று சொன்னால் போதும்.

பொருளின் பெரிய குறை வண்ணம். துளையின் ஓரத்துக்கும் கட்டைக்கும் ஒரே நிறம் பூசிய பெட்டிகளில் குழந்தை நிறத்தைப் பார்த்தே போட்டுவிடும், வடிவத்தைக் கவனிக்கவே தேவையிருக்காது. பூச்சில்லாத பெட்டியே மேல். இன்னொன்று, துளைகளின் தளர்வு. சிறிய முக்கோணம் சதுரத் துளையிலும் விழுந்தால் விளையாட்டே பொய். கொடுக்கும் முன் ஒவ்வொரு கட்டையையும் எல்லாத் துளையிலும் போட்டுப் பாருங்கள். 144 முறைதான், அரை மணி ஆகாது. தப்பாக நுழைவதை எடுத்து ஒதுக்கிவிடுங்கள். அதே நேரம் துளை மிக இறுக்கமாக இருந்தாலும் ஆகாது: சரியாக வைத்த கட்டையும் சிக்கும், குழந்தை தன் கணிப்பே தவறு என்று எண்ணி வேறு துளைக்குப் போய்விடும்.

மூன்று வயதுக்குக் கீழே என்றால் கட்டையின் அளவும் முக்கியம். பொம்மையின் பாகம் குழந்தையின் தொண்டையில் சிக்குமளவு சிறியதா என்று பார்க்கும் சிறுபாகச் சோதனைக் குழாயின் விட்டம் 31.7 மி.மீ.; அதற்குள் முழுதாக அடங்கும் கட்டை தொண்டையில் சிக்கக்கூடியது. நட்சத்திரமும் சிறிய அரைவட்டமும்தான் சில பெட்டிகளில் அந்த அளவுக்குச் சிறுத்துப்போகின்றன.