கான்கிரீட் பாட்டு அறைக்கு மூன்று டிஃப்யூசர் பலகைகள்: எட்டு மாதம் கழித்து

ரோஸ் ஹில்லில் எங்கள் வீட்டு மாடியில் ஒரே ஓர் அறை. தேவார வகுப்பும் கர்நாடக இசை வகுப்பும் அங்கேதான் நடத்துகிறேன். 6 மீட்டர் நீளம், 4.3 மீட்டர் அகலம், 2.8 மீட்டர் உயரம். நான்கு பக்கமும் சிமெண்ட் பூசிய சுவர், மேலே கான்கிரீட் தளம், கீழே டைல்ஸ். மொரீஷியஸில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1960இல் கரோல் புயல் அத்தனை வீடுகளை வாரிக்கொண்டு போன பிறகு நாம் பெரும்பாலும் கான்கிரீட்டுக்குள்தான் குடியிருக்கிறோம். புயலுக்கு நல்லது. பாட்டுக்குத்தான் ஆகவில்லை.

அறையில் நின்று ஒரு தடவை கை தட்டினால் 'ட்ர்ர்ர்' என்று ஒரு நடுக்கம் கேட்கும். அகலவாட்டில் இரண்டு வெற்றுச் சுவர்கள் நேருக்கு நேர் நிற்கின்றன. ஒலி எதிர்ச் சுவருக்குப் போய்த் திரும்ப 8.6 மீட்டர். விநாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் வேகத்தில் அதற்கு ஒரு விநாடியில் நாற்பதில் ஒரு பங்கு போதும். அப்படியே அது இரண்டு சுவர்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, தேயும் வரை போவதும் வருவதுமாக இருக்கும். பத்துப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு பதிகம் பாடினால் சொல் ஒன்றும் புரியாது. கமகம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கலங்கிவிடும். ரீயூனியனில் செந்தாந்த்ரேயிலிருந்து வீடியோவில் படிக்கும் ஒரு மாணவி, நான் குளியலறையில் உட்கார்ந்து பாடுவது போல் இருக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

முதலில் ஃபோம்தான் வாங்கினேன். ஐந்து சென்டிமீட்டர் கனத்தில் கூம்பு கூம்பாக இருக்குமே, அது. விற்றவர், "சத்தம் வெளியே போகாது, உள்ளேயும் எதிரொலிக்காது" என்றார். வெளியே போவது துளிகூடக் குறையவில்லை. பக்கத்து வீட்டுக்கு எங்கள் சரளி வரிசை முன்பு போலவே கேட்டது. ஒலியைத் தடுக்கக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும், பஞ்சு போன்ற பொருளால் அது முடியாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. உள்ளே என்ன ஆனது தெரியுமா? மேல் ஒலியை, அதாவது கூர்மையான உயர்ந்த ஒலியை மட்டும் ஃபோம் குடித்துவிட்டது. தாழ்ந்த கீழ் ஒலி அப்படியே தங்கியது. தம்பூராவின் ரீங்காரம் செத்துப்போனது. தங்கள் குரல் தங்களுக்குக் கேட்காததால் பிள்ளைகள் கத்த ஆரம்பித்தார்கள். ஒரு மணி நேர வகுப்பு முடிவதற்குள் தொண்டை கட்டிக்கொள்ளும். பாட்டு சொல்லித்தருகிற எனக்கு இதைவிட வேதனை வேறில்லை. போதாக்குறைக்கு பிப்ரவரி ஈரத்தில் ஃபோமின் பின்பக்கம் பூஞ்சை பிடித்தது. எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டேன்.

அப்புறம்தான் டிஃப்யூசர் பற்றித் தேடிப் படித்தேன். இது ஒலியை உறிஞ்சுவதற்கான பொருள் அல்ல. சிதறடிப்பதற்கானது. போர்ட் லூயி துறைமுகச் சுவரில் மோதும் அலை மொத்தமாக அப்படியே திரும்பும். தெற்கே சூயாக் பக்கம் கிரி-கிரியில் கறுப்புப் பாறைகளில் மோதும் அலை உடைந்து, ஆளுக்கொரு பக்கமாகத் தெறித்து ஓடும். அந்தப் பாறைகள் செய்வதை மரத்தில் கணக்குப் போட்டுச் செய்தால் அது டிஃப்யூசர்.

அந்தக் கணக்கைப் போட்டவர் மான்ஃப்ரெட் ஷ்ரோடர் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர். காலம் 1970கள். பழைய குறுகலான இசை அரங்குகள் கேட்பவர்களுக்கு ஏன் அதிகம் பிடிக்கின்றன என்று ஆராய்ந்தவர் அவர். பக்கச் சுவர்களிலிருந்து வரும் ஒலி இரண்டு காதுகளுக்கும் வெவ்வேறாக வந்து சேர்கிறது. அதில்தான் இசை நம்மைச் சூழ்ந்திருப்பது போன்ற உணர்வு வருகிறது. அகலமான புது அரங்குகளில் கூரையிலிருந்து வரும் ஒலி முந்திக்கொள்கிறது, அது இரண்டு காதுக்கும் ஒரே மாதிரி வருகிறது. அப்படியானால் கூரையில் படும் ஒலியைப் பக்கவாட்டில் சிதறவிட்டால் என்ன என்று யோசித்தார். அதற்கு காஸ் என்ற கணித மேதையின் எண் கணிதத்திலிருந்து ஒரு வரிசையை எடுத்தார்.

அந்த வரிசையைப் பார்த்ததும் எனக்குச் சிலிர்த்தது, ஏனென்றால் அது மிஸ்ரம், தாளத்தில் ஏழின் கணக்கு. தாளத்துக்குள் பொருந்த அடுக்கும் கோர்வைக் கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு இது அத்துபடி. 0 முதல் 6 வரை எண்களை எடுங்கள். ஒவ்வொன்றையும் அதனாலேயே பெருக்குங்கள். வருவதிலிருந்து ஏழேழாகக் கழித்து மீதியை வையுங்கள். மூன்றுக்கு ஒன்பது, மீதி 2. நான்குக்குப் பதினாறு, மீதி 2. ஐந்துக்கு இருபத்தைந்து, மீதி 4. முழுதும் போட்டால் 0, 1, 4, 2, 2, 4, 1. பலகையில் உள்ள ஏழு பள்ளங்களின் ஆழம் இதே விகிதம்தான். ஆழமான பள்ளத்துக்குள் போன ஒலி கொஞ்சம் தாமதித்துத் திரும்பும், ஆழமில்லாததிலிருந்து உடனே திரும்பும். ஏழும் இப்படிக் காலம் மாறி வெளியே வருவதால் ஒரே அலையாகச் சேர்ந்து நேரே திரும்ப முடியாமல் பல திசைகளுக்கும் ஏறக்குறைய சமமாகப் பிரிகிறது. 1980களில் அமெரிக்காவில் பீட்டர் டி'ஆன்டோனியோ இவற்றைக் கடைச் சரக்காகவே செய்து விற்கத் தொடங்கினார்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கப்பல் கூலியே பலகை விலையைத் தொட்டது. அதனால் வாக்வாவில் ஒரு தச்சுப் பட்டறையில் அளவு கொடுத்துச் செய்யச் சொன்னேன். 500 ஹெர்ட்ஸிலிருந்து, அதாவது விநாடிக்கு 500 அதிர்விலிருந்து வேலை செய்ய வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். அதற்கு ஓர் அலகு, அதாவது வரிசையில் 1 என்று வரும் பள்ளத்தின் ஆழம், 4.9 சென்டிமீட்டர். ஆக ஆழங்கள் 4.9, 9.8, 19.6. ஒவ்வொரு பள்ளமும் 5 சென்டிமீட்டர் அகலம், நடுவில் மெல்லிய தடுப்பு. இந்த அகலத்தால் மேலே ஏறக்குறைய 3,400 ஹெர்ட்ஸ் வரை கணக்குச் சரியாக நிற்கும். தடுப்பு வேண்டாம், மரம் மிச்சம் என்று தச்சர் சொன்னார். தடுப்பில்லாவிட்டால் பக்கத்துப் பள்ளங்களின் ஒலி கலந்து கணக்கே போய்விடும் என்று படம் போட்டுக் காட்டினேன். ஒத்துக்கொண்டார், மிக நேர்த்தியாகவே செய்தார். கடல்தரப் பிளைவுட், 1.2 மீட்டர் உயரம், பலகை ஒன்றுக்கு 11,000 மொரீஷியஸ் ரூபாய். மூன்று வாங்கினேன்.

மாட்ட வந்தவர்கள் வேறு ஆட்கள். பார்க்க அழகாக இருக்கும் என்று பள்ளங்கள் படுக்கைவாட்டில் வரும்படி மாட்டிவிட்டுப் போனார்கள். நான் அன்று வீட்டில் இல்லை. மறுநாள் கை தட்டிப் பார்த்தால் நடுக்கம் கொஞ்சம் குறைந்திருந்தது, அவ்வளவுதான். வயிறு எரிந்தது. யோசித்தபோது புரிந்தது: இந்த வகைப் பலகை பள்ளங்களுக்குக் குறுக்கேதான் சிதறடிக்கும். படுக்கைவாட்டில் வைத்தால் ஒலி தரைக்கும் கூரைக்கும் போகும், பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் பக்கங்களுக்குப் பரவாது. கணவரும் நானும் சேர்ந்து கழற்றி நிமிர்த்தி மாட்டினோம். ஒவ்வொன்றும் நல்ல கனம். கான்கிரீட்டில் எக்ஸ்பான்ஷன் போல்ட் இல்லாமல் மாட்டவே மாட்டாதீர்கள்.

நிமிர்த்தி மாட்டிய மறுநாள் வகுப்பில் நான் எதுவும் சொல்லவில்லை. சுருதிப் பெட்டியைப் போட்டு, 'ச' பிடிக்கச் சொன்னேன். இரண்டாவது ஆவர்த்தனத்திலேயே பதினோரு வயதுப் பெண் ஒருத்தி நிறுத்திவிட்டு, "மிஸ், என் குரல் எனக்கே கேட்குது" என்றாள். கை தட்டினால் அந்த 'ட்ர்ர்ர்' இல்லை. ஒரு சின்ன மலர்ச்சி, பிறகு சீராக அடங்குகிறது. அறை செத்துவிடவில்லை, ஃபோம் போட்டிருந்தபோது வந்த அந்தப் பஞ்சு மூட்டை உணர்வு கொஞ்சமும் இல்லை. வலப்பக்க மூலையில் உட்கார்ந்தவளுக்கும் இடப்பக்கம் உட்கார்ந்தவளுக்கும் தம்பூரா ஏறக்குறைய ஒரே மாதிரி கேட்கிறது. முன்பு இடம் மாறி உட்காரச் சண்டையே நடக்கும். இரண்டு சுவருக்கு நடுவிலேயே சுற்றிக்கொண்டிருந்த ஒலி இப்போது ஜமக்காளத்துக்கும் பிள்ளைகளின் துணிமணிக்கும் போய்ச் சேர்கிறது, அங்கே அடங்குகிறது. செந்தாந்த்ரே மாணவிக்கு இப்போது சொற்கள் தெளிவாகக் கேட்கின்றனவாம்.

ஐந்து கட்டைச் சுருதியில் சட்ஜம் 196 ஹெர்ட்ஸ்தானே, பலகை 500இலிருந்துதானே என்று கேட்பீர்கள். உண்மைதான், அடிப்படை அதிர்வை இது அதிகம் தொடாது. ஆனால் தம்பூராவின் அடிப்படை அதிர்வோடு கூடவே எழும் மேலொலிகளும், சொல்லின் மெய்யெழுத்துகள் கூராகக் கேட்பதற்கான ஒலிகளில் பெரும்பகுதியும் இந்த எல்லைக்குள் இருக்கின்றன. வல்லின மெல்லினம் பிரிந்து கேட்டாலே தேவாரத்துக்குப் பாதி உயிர் வந்துவிடும்.

மிருதங்கத்துக்கு இது உதவாது. அதன் இடப்பக்கமான தொப்பியில் 'தொம்' விழும்போது வரும் அந்த உறுமல் அப்படியே இருந்தது. 4.3 மீட்டர் அகல அறைக்கு 40, 80 ஹெர்ட்ஸில் தானாகவே அதிரும் குணம் உண்டு. 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளமே ஏறக்குறைய 4.3 மீட்டர். இருபது சென்டிமீட்டர்ப் பலகை அதை என்ன செய்யும்? அதற்கு இரண்டு மூலைகளில் ராக்வூல் என்ற பாறை இழைப் பலகைகளைத் துணி சுற்றித் தடிமனாக நிறுத்தினேன். ராக்வூலையும் கல்நாரையும் (ஆஸ்பெஸ்டாஸ்) ஒன்றென்று நினைத்து இங்கே சிலர் பயப்படுகிறார்கள், இரண்டும் வேறு வேறு.

ஆட்கள் பலகையிலிருந்து தள்ளி உட்கார வேண்டும். 500 ஹெர்ட்ஸுக்கு இரண்டு மீட்டர் இருந்தால் நல்லது. சுவரை ஒட்டி உட்கார்ந்தால் எந்தப் பள்ளம் பக்கத்தில் இருக்கிறதோ அதன் ஒலி தனியாகக் கேட்டுக் காதை உறுத்தும். என் அறையில் நடுவில் உட்கார்ந்தால் கணக்காக அந்தத் தூரம் கிடைக்கிறது. மூன்று மீட்டருக்குக் குறைவான அகலத்தில் அறை வைத்திருப்பவர்கள் இந்த ஆழத்தில் செய்ய வேண்டாம். இன்னொன்று, ஒரே மாதிரிப் பலகைகளை ஒட்டி ஒட்டி வரிசையாக அடுக்கினால் ஒலி சில திசைகளில் மட்டும் குவியத் தொடங்கும். நான் இடைவெளி ஒழுங்கில்லாமல் விட்டிருக்கிறேன்.

கூரைக்கு பாலிஸ்டைரீனில் செய்த மலிவான பலகைகள் (நகரத்துக் கட்டடங்கள் போல உயரம் மாறி மாறிக் கட்டைகள் நிற்கும் வகை) ஆறு வாங்கிப் பார்த்தேன். லேசு, பார்க்கவும் அழகு. ஆனால் பத்து சென்டிமீட்டர்கூட ஆழமில்லை, மேல்மேலான ஒலிகளை மட்டும் கொஞ்சம் கலைக்கிறது. விஜயதசமிக்குக் குத்துவிளக்கும் கற்பூரமும் ஏற்றுகிற அறையில் தீப்பிடிக்கும் பொருளைத் தலைக்கு மேலே வைக்க மனம் வரவில்லை. கழற்றிவிட்டேன்.

எட்டு மாதத்தில் பள்ளங்களுக்குள் தூசியும் ஒட்டடையும் சேர்கின்றன, நடுப் பலகையில் பல்லி குடியிருக்கிறது. நீளப் பிரஷ் போட்டு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை துடைக்க வேண்டும். துணி போட்டு மூடிவிடலாமே என்று மாமியார் சொன்னார். துணி போர்த்தினால் மேல் ஒலியை அது உறிஞ்சத் தொடங்கிவிடும், வேண்டாம் அத்தை என்றேன். மழைக்காலத்தில் ஒரு தடுப்பு லேசாக உப்பியது. தச்சர் வந்து காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்தார். நவம்பரில் மழை தொடங்குவதற்கு முன் இன்னொரு பூச்சு வார்னிஷ் அடிக்கச் சொல்லியிருக்கிறேன், நான் உட்காரும் இடத்துக்குப் பின்சுவருக்கு நான்காவது பலகைக்கும் முன்பணம் கொடுத்தாயிற்று.