பழைய லேப்டாப்புக்கு விண்டோஸ் 11-ஆ, லினக்ஸ் மின்ட்டா?

ஐந்தாம், ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ3, 4 ஜிபி ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க்: இந்த ரக லேப்டாப்பில் எந்த ஓஎஸ் போடுவதானாலும் முதலில் அந்த டிஸ்க்குக்குப் பதிலாக, சுழலாமல் வேகமாக இயங்கும் 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை மாட்டிவிடுங்கள். இதில் விவாதத்துக்கே இடமில்லை.

விண்டோஸ் 10-ஐயே மறுபடி போடுவது தற்காலிக ஏற்பாடுதான். அதன் ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அதன் கடைசிப் பதிப்பான 22எச்2-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு பதிவு செய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட்கள் 2026 அக்டோபர் 13 வரை வரும்.

விண்டோஸ் 11-க்கான அதிகாரபூர்வப் பட்டியலில் இந்த ப்ராசசர்கள் இல்லை. ஆனாலும் ரூஃபஸ் என்ற இலவசக் கருவியில் நிறுவல் பென் டிரைவ் தயாரிக்கும்போது டிபிஎம் (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (பூட் ஆகும்போதான பாதுகாப்பு) சோதனைகளை நீக்கும் கட்டத்தை டிக் செய்தால் நிறுவிவிடலாம். இன்னும் பழைய கோர் 2 டுவோ ப்ராசசர் என்றால் அதுவும் நடக்காது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு முதல் எஸ்எஸ்இ4.2 என்ற ப்ராசசர் கட்டளைகள் இல்லாத ப்ராசசரில் பூட்டே ஆகாது.

நிறுவுவதைவிடப் பராமரிப்பதில்தான் சிக்கல். மாதாந்திர அப்டேட்கள் பொதுவாக வந்துவிடும். ஆனால் தகுதியில்லாத கணினிக்கு அவற்றைத் தருவதாக மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்லவில்லை. ஆண்டுதோறும் வரும் புதிய பதிப்போ தானாக வராது. ஹோம், புரோ ரகங்களில் இப்படி வரும் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஆதரவு 24 மாதம்தான். அதற்குள் ஐஎஸ்ஓ எனும் நிறுவல் கோப்பை இறக்கி, சோதனையை மீண்டும் தாண்டவைத்து, கையால் மேம்படுத்த வேண்டும். ஊரில் அப்பா அம்மாவிடம் இருக்கும் லேப்டாப்புக்கு இதை யார் போய்ச் செய்வது?

அதனால்தான் என் ஓட்டு இலவச ஓஎஸ்ஸான லினக்ஸ் மின்ட் 22-இன் எக்ஸ்எஃப்சிஇ (இலகுவான டெஸ்க்டாப்) ரகத்துக்கு. 2029 ஏப்ரல் வரை ஆதரவு உண்டு. 22-லிருந்து 22.1, 22.2 என்று போவதற்கு அப்டேட் மேனேஜரின் எடிட் மெனுவில் ஒரு கிளிக் போதும். 4 ஜிபி ரேமிலும் பிரவுசருக்குத் தாராளமாக இடம் மிஞ்சும். முதலில் கணினியின் நிலையை நகலெடுத்துவைக்கும் டைம்ஷிஃப்ட் கருவியை இயக்கிவிடுங்கள்; அப்டேட் ஏதாவது கெடுத்தால் முந்தைய நிலைக்குத் திரும்பலாம். தினசரி நகல் இரண்டுக்கு மேல் வைத்தால் சிறிய எஸ்எஸ்டி மெல்ல நிரம்பிவிடும். ஹோம் ஃபோல்டரை அது இயல்பாகச் சேர்க்காது என்பதால் படங்களுக்கும் ஆவணங்களுக்கும் தனி பேக்கப் தேவை. தமிழ்99 தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என் என்ற மென்பொருளை நிறுவினால் போதும்.

நிறுவும் முன் பென் டிரைவிலிருந்தே லைவாக ஓடவிட்டு வைஃபை, ஒலி, டச்பேட், மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று பாருங்கள். பிராட்காம் வைஃபை சிப் இருந்தால் பெரும்பாலும் இணைப்பு வராது. ஃபோனின் இணையத்தைக் கேபிள் வழியே பகிரும் யூஎஸ்பி டெதரிங்கில் இணைத்து, டிரைவர் மேனேஜரில் டிரைவரை இறக்கலாம். கைரேகை ரீடர் மாடலுக்கு மாடல் மாறும், அதை நம்பி இறங்க வேண்டாம்.

டேலி கணக்கு மென்பொருள், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் என்று தினமும் வேலை இருந்தால் விண்டோஸை விடாதீர்கள். கேனான் எல்பிபி2900 பிரின்டர் இருந்தாலும் யோசியுங்கள். லினக்ஸில் அதன் டிரைவர் பெரும் இழுபறி. எச்பி பிரின்டர்களில் பெரும்பாலானவை சிரமமில்லாமல் வேலை செய்யும்.

பழைய டிஸ்க்கை உடனே அழிக்காமல் ஒரு மாதம் எடுத்துவையுங்கள். டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் ரெகவரி கீயையும் குறித்துக்கொள்ளுங்கள். மின்ட் ஒத்துவராவிட்டாலும், முன்பு ஆக்டிவேட் ஆகியிருந்த அதே விண்டோஸ் 10 ரகத்தை (ஹோம் அல்லது புரோ) மீண்டும் நிறுவினால், மதர்போர்டு மாறாதவரை கீ கேட்காமலே ஆக்டிவேட் ஆகிவிடும்.