எச்டி2-280 ஆன்டிபாடி: இரண்டு வருட அனுபவம்

மனித நுரையீரலின் காற்றறைகளிலிருந்து டைப்-2 என்ற வகைச் செல்களை உயிரோடு பிரித்தெடுப்பவர்கள், அந்தச் செல்லில் ஒட்டி அடையாளம் காட்டும் இந்த ஆன்டிபாடியைத் தயங்காமல் வாங்கலாம். விலை அதிகம்தான். ஆனாலும் எங்கள் ஆய்வகத்தில் இது இல்லாமல் வேலை ஓடாது.

காற்றறைகளுக்கு இந்த டைப்-2தான் ஸ்டெம் செல். காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட்டைச் சுரப்பதும் அதுதான். காயம் பட்டால் பெருகி, மெல்லிய டைப்-1 செல்லாக மாறுவதும் அதுதான். முன்பு சர்ஃபாக்டன்ட்டின் எஸ்பி-சி புரதத்தை வைத்து அடையாளம் பார்ப்போம். அது செல்லுக்குள்ளே இருப்பதால் சவ்வைத் துளைத்துத்தான் சாயம் ஏற்ற வேண்டும். செல் செத்துவிடும். அப்புறம் அது பெருகுமா என்று எப்படிப் பார்ப்பது? சான் பிரான்சிஸ்கோவில் லேலண்ட் டாப்ஸ் குழு உருவாக்கி 2010இல் வெளியிட்ட இந்த ஆன்டிபாடி, செல்லின் வெளிச்சவ்விலேயே ஒட்டுகிறது.

ஒரு எச்சரிக்கை. இது சுண்டெலியின் ஐஜிஎம் வகை ஆன்டிபாடி. நான் முதல் தடவை, கையில் இருந்த, ஐஜிஜி என்ற வேறு வகைக்கான இரண்டாம் ஆன்டிபாடியை (முதல் ஆன்டிபாடியில் ஒட்டி ஒளிர வைப்பது) போட்டுவிட்டேன். மாற்று அறுவைக்குப் பொருந்தாமல் ஆய்வுக்குத் தரப்பட்ட நுரையீரல் அது. விடியற்காலை மூன்று மணிக்கு, ஒளிரும் செல்களைப் பிரித்தெடுக்கும் சார்ட்டர் கருவியின் திரையில் ஒரு புள்ளிகூட ஒளிரவில்லை. ஒரு குடும்பம் துக்கத்தின் நடுவே தந்ததை வீணாக்கிவிட்டோமே என்ற வேதனை இன்னும் போகவில்லை. சுண்டெலியின் ஐஜிஎம்மைப் பிடிக்கும் இரண்டாம் ஆன்டிபாடியையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

அடுத்த தடவை, எபிதீலிய (உறைப்படல) செல்களின் அடையாளமான எப்கேமும் இதுவும் சேர்ந்து ஒளிர்ந்த செல்கள் தனிக் கூட்டமாகத் தெரிந்தன. ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத்திசு செல்களோடு, செல் வளர்க்கும் கூழான மேட்ரிஜெல்லில் விதைத்தோம். இரண்டு வாரம் கழித்து குட்டிக் குட்டி உருண்டைகள்! பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை.

செல் பெருகும் என்பதற்கு அந்த உருண்டைதான் சாட்சி. ஒளிர்வதை மட்டும் வைத்து ஸ்டெம் செல் என்று எழுதிவிடாதீர்கள். சி-கிட் என்ற அடையாளப் புரதத்தை வைத்து மனித நுரையீரல் ஸ்டெம் செல்லைக் கண்டதாக 2011இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த கட்டுரை 2018இல் திரும்பப் பெறப்பட்டது. இந்த ஆன்டிபாடியால் பிரித்த செல்களோ, 2013இல் டியூக் பல்கலைக்கழகத்தில் பிரிஜிட் ஹோகன் குழுவின் கையில் உருண்டையாக வளர்ந்து காட்டின.

வந்ததும் சிறு சிறு குப்பிகளாகப் பிரித்து வையுங்கள், உறைய வைத்து உருக்கி மறுபடி உறைய வைக்கக் கூடாது. சுண்டெலி நுரையீரலில் வேலை செய்பவர்கள் இதை வாங்க வேண்டாம், அதில் ஒட்டாது.