வால்வு கைடு: நர்லிங்கா, லைனரா, புதுசா?

காலையில் முதல் ஸ்டார்ட்டில் பின்னால் ஒரு நீலப் புகை, அரை நிமிடத்தில் மறைந்துவிடும். அப்புறம் மூலக்கடை மேம்பாலத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கி, கீழே வந்து மறுபடி மிதித்தால் இன்னொரு புகை. இரண்டும் சேர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங்கைத் திட்டுவதற்கு முன்னால் வால்வு கைடை, அதாவது வால்வின் தண்டு மேலும் கீழும் ஓடும் குழலைப் பாருங்கள். ரிங் போன எஞ்சின் பாரம் இழுக்கும்போது புகையும். கைடு போன எஞ்சின் இறக்கத்தில்தான் ஆயில் குடிக்கும். காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் மூடியிருக்கும்போது, காற்று உள்ளே போகும் குழாயான இன்டேக் மேனிபோல்டில் வெற்றிடம் கூடுகிறது. ராக்கர் கவருக்குள் தெறிக்கும் ஆயிலை அது தேய்ந்த கைடு வழியாக உள்ளே இழுக்கிறது.

என் வண்டி ஆஸ்டின் ஏ40. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் பூட்டி விற்ற கார் அது. 1955-இல் அந்தக் கம்பெனி அசோக் லேலண்ட் ஆகி, லாரி, பஸ் பக்கம் போய்விட்டது. எண்ணூரில் பிறந்து தண்டையார்பேட்டையில் வயதான வண்டி என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். 1200 சிசி, புஷ்ராட் எஞ்சின், வார்ப்பிரும்பு ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி), எட்டு வால்வு, எட்டு கைடு. எட்டுமே ஆடின.

ஆட்டம் எவ்வளவு என்பதை முதலில் பார்க்க வேண்டும். வால்வைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து அசைத்துப் பார்ப்பது ஒரு குறிப்புதான், அளவு ஆகாது. வால்வைத் திறக்கும் நெம்பான ராக்கர் அதை நேராக மட்டும் அமுக்குவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளுகிறது. அதனால் கைடு உருளையாகத் தேயாது. மேல் முனையும் கீழ் முனையும் கோயில் மணியின் வாய் மாதிரி விரிந்து, ஓவலாகத் தேயும். நடுவில் மட்டும் அளந்தால் நல்ல கைடு போலத்தான் தெரியும். மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், இரண்டு திசையில் அளக்க வேண்டும். வால்வின் தண்டான ஸ்டெம்மையும் மைக்ரோமீட்டரில் பாருங்கள். தேய்ந்த ஸ்டெம்மைப் புது கைடில் போட்டால் காசு வீண். ஏ40 காலத்து எஞ்சின்களில் பொதுவாக இன்டேக்கில் 0.04 முதல் 0.06 மி.மீ., எக்ஸாஸ்டில் 0.05 முதல் 0.08 மி.மீ. இடைவெளி இருக்கும். உங்கள் வண்டியின் மேனுவல் வேறு சொன்னால் மேனுவல் சொல்வதே சரி.

இனி வழிகள். மலிவானது நர்லிங். ஒரு டூல் கைடின் உள்சுவரில் சுருள் பள்ளம் போடும். பள்ளத்தின் இரு பக்கமும் உலோகம் மேலெழும்ப, ஓட்டை சிறுக்கும். பிறகு ரீமர் (ஓட்டையை வழித்துச் சரிசெய்யும் கருவி) விட்டு அளவுக்குக் கொண்டுவருவார்கள். கைடைக் கழற்ற வேண்டாம், அரை நாளில் வேலை முடியும். என் ஹெட்டுக்கு முதலில் நடந்ததும் இதுதான். பட்டறைக்காரர் செய்து கொடுத்தார், நானும் மகிழ்ச்சியாக வாங்கி வந்தேன். ஒரு மழைக்காலம் தாண்டவில்லை, புகை திரும்ப வந்தது. யோசித்தால் காரணம் எளிது. ஸ்டெம் உட்காருவது அந்த மேடுகளின் நுனியில் மட்டும்தான். தொடும் பரப்பு குறைவு, தேய்மானம் வேகம். அதைவிட முக்கியமாக, ஏற்கனவே ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்த ஓட்டையை நர்லிங் நடுவுக்குக் கொண்டுவராது. பள்ளத்தில் ஆயில் தங்கும், நல்லதுதானே என்பார்கள். தேய்மானம் மிகக் குறைவாக இருந்தால் ஒப்புக்கொள்ளலாம். விற்கப் போகிற வண்டிக்குச் சரி, வைத்துக்கொள்ளப் போகிற வண்டிக்கு நான் செய்ய மாட்டேன்.

தடித்த ஸ்டெம் உள்ள ஓவர்சைஸ் வால்வு வாங்கி, பழைய கைடையே ரீமர் செய்து போடுவது இன்னொரு வழி. கேட்க அழகாக இருக்கிறது. ஏ40-க்கு அந்த வால்வைத் தேடிப் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் சுற்றியதில் செருப்புதான் தேய்ந்தது.

பிரான்ஸ் (வெண்கல) லைனர் வேறு ரகம். பழைய கைடைப் பெரிதாக ரீமர் செய்து, அரை மில்லிமீட்டருக்கும் குறைவான சுவருள்ள பாஸ்பர் பிரான்ஸ் குழலை உள்ளே இறக்கி, உள்ளிருந்து விரித்து இறுக்கி, அளவுக்குக் கொண்டுவருவார்கள். பழைய கைடு ஹெட்டிலேயே இருப்பதால், பெரிதாக்கும் ரீமர் நேராகப் போனால் மையம் அதிகம் நகராது. வால்வு மூடி உட்காரும் சீட்டில் பெரிய வெட்டு தேவைப்படாது. கைடு தனித் துண்டாக இல்லாமல் ஹெட்டோடு சேர்ந்தே வார்த்த எஞ்சின்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் விரித்து இறுக்கும் அந்த ஒரு படியில்தான் எல்லாம் இருக்கிறது. லைனர் பழைய கைடோடு முதுகு ஒட்டாமல் நின்றால் வால்வின் சூடு ஹெட்டுக்குப் போகாது. சரியான டூல் வைத்திருக்கும் பட்டறை கிடைத்தால் செய்யுங்கள். கைரீமரும் சுத்தியலும் வைத்துக்கொண்டு "பார்த்துக்கலாம் சார்" என்பவரிடம் வேண்டாம்.

மீதி இருப்பது பழையதைத் தள்ளிவிட்டுப் புதுசு போடுவது. வார்ப்பிரும்பா, பிரான்ஸா? காசிமேட்டில் படகு எஞ்சின் வேலை செய்யும் லேத் அண்ணனிடம் இதைத்தான் கேட்டேன். "தம்பி, வண்டி ஓடணுமா, ஷோவுல நிக்கணுமா?" என்றார். ஓடணும் அண்ணே என்றதும் பேச்சு கொஞ்சம் நீண்டது.

பிரான்ஸ் சூட்டை வேகமாகக் கடத்தும், ஸ்டெம்மோடு உராய்வதிலும் இதமானது. ஈயமில்லாத பெட்ரோலுக்காக ஸ்டெயின்லெஸ் வால்வு போடுகிறவர்கள், ஸ்டெம்மில் குரோம் பூச்சு இல்லாவிட்டால் பிரான்ஸ் பக்கம் போவதே நல்லது. வார்ப்பிரும்பில் அந்த ஸ்டெம் கவ்விப் பிடிக்க வாய்ப்பு உண்டு. ஆனால் சூட்டில் பிரான்ஸ் வார்ப்பிரும்பைவிட அதிகம் விரியும். சுற்றியிருக்கும் இரும்பு ஹெட் அவ்வளவு விரியாது என்பதால் உள் ஓட்டை இறுகும். நண்பர் ஒருவரின் அம்பாசிடரில் இது நடந்தது. படகு புஷ்ஷுக்கு வைத்திருந்த கன்மெட்டல் கம்பியில் கைடு கடைந்து, எக்ஸாஸ்டிலும் இரும்புக்கு உரிய இடைவெளியே வைத்திருந்தார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் மதிய வெயிலில் எக்ஸாஸ்ட் வால்வு ஒன்று திறந்தபடியே சிக்கி, ராக்கரைத் தள்ளும் புஷ்ராட் வளைந்தது. ஆறியதும் வால்வு தானே விடுபட்டது! ரகம் தெரியாத கம்பி, புரொபெல்லர் ஷாப்ட் புஷ்ஷுக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், எக்ஸாஸ்ட் கைடுக்கு ஆகாது.

வார்ப்பிரும்பில் கிராபைட் இருப்பதால் அதுவே ஓரளவு வழுவழுப்புத் தரும். ஹெட்டும் அதே உலோகம், இரண்டும் சேர்ந்தே விரியும். மெதுவாகச் சுழலும் இந்த எஞ்சினுக்கு, அசல் ஸ்டெம்முக்கு, அதற்கு மேல் என்ன வேண்டும்? நான் வார்ப்பிரும்புதான் எடுத்தேன். பத்மினி போல அலுமினிய ஹெட்டாக இருந்திருந்தால், நல்ல ரகக் கைடு பிரான்ஸ் கிடைத்தால், அந்தப் பக்கம் சாய்ந்திருப்பேன்.

புதுசு போடுவதில் கவனிக்க வேண்டியது போடுவதைவிடக் கழற்றுவதில். கைடின் கீழ் முனையில் படிந்த கரியைச் சுரண்டாமல் மேலே தள்ளினால் அது ஹெட்டின் ஓட்டையைக் கீறிக்கொண்டே போகும். எனக்கு ஒன்று அப்படிப் போனது. அந்த ஒரு கைடை மட்டும் வெளிவிட்டம் கொஞ்சம் கூட்டிக் கடைய வேண்டி வந்தது. கைடு ஹெட்டுக்கு மேல் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதைத் தள்ளுவதற்கு முன்பே எழுதிவையுங்கள். அதிகம் நீட்டினால் ஸ்பிரிங்கைப் பிடிக்கும் தட்டான ரீடெய்னர் இடிக்கும். உள்ளே இறுக்கம் 0.03 மி.மீ. அளவில் வைத்தோம். அழுத்தும்போது கைடு சற்றுச் சுருங்கும், அதனால் போட்ட பிறகு கட்டாயம் ரீமர்.

அதற்கும் பிறகுதான் சீட் கட்டிங், ஏனென்றால் கட்டரை நேராக நிறுத்தும் கம்பியான பைலட் கைடுக்குள்தான் உட்காருகிறது. புது கைடின் மையம் பழைய சீட்டின் மையத்தோடு அப்படியே பொருந்தாது. கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்தே சரிசெய்துவிடலாம் என்று யாராவது சொன்னால், ஒட்டும் இடத்தைக் காட்டும் நீல மையான புளூ தடவிப் பாருங்கள், சீட்டில் பாதி வட்டம்தான் ஒட்டும். என் ஹெட்டில் எட்டில் ஐந்து அப்படித்தான் இருந்தன. ஹெட் இப்போது காசிமேட்டில்தான் இருக்கிறது. அண்ணனுக்குப் படகு வேலை முடிந்ததும் கட்டர் என் பக்கம் திரும்பும்.