"கையை வைத்துப் பாருங்க மேடம்" என்று சொல்லித்தான் ஏமாற்றினார்கள். போனது ரூ. 1,86,000

பதினோரு நாளாகப் பெருக்கிக்கொண்டிருக்கிறேன், மாடி மூலைகளில் இன்னும் வெள்ளை மணிகள் கிடக்கின்றன. தெர்மாகோல் மணிகள். பிள்ளைகளின் நோட்டுக்குள்கூடப் போயிருந்தன. நான் தெர்மாகோலுக்குக் காசு கொடுக்கவில்லை. வெயிலுக்குக் கூரை அடியில் ஒட்டுகிற, தீயே பிடிக்காத ராக்வுல் என்ற பாறைப் பஞ்சு என்று சொன்னார்கள், அதற்குத்தான் கொடுத்தேன். ரூ. 1,86,000.

நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த ஆன்லைன் தளத்திலிருந்து ஒரு மெசேஜ். "உங்கள் புகார் தீர்க்கப்பட்டு முடிக்கப்பட்டது." யார் தீர்த்தார்கள், எதைத் தீர்த்தார்கள், ஒன்றும் இல்லை. தூக்கம் வரவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன். பெயர் எதையும் இங்கே போடவில்லை. வழக்குக்குப் போகிறோம், அதுவரை பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். கட்டடச் சாமான் விற்பவர்களையும் வாங்குபவர்களையும் சேர்த்துவைக்கிற ஒரு தளம், அதில் "சரிபார்க்கப்பட்டவர்" என்று பச்சை டிக் போட்ட, கூரைச் சூட்டைத் தடுக்கும் இன்சுலேஷன் வேலை செய்கிற ஒரு கம்பெனி. அவ்வளவு தெரிந்தால் போதும். இப்படி ஒரு வேலை கொடுக்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். வீட்டு மாடியில் டியூஷன் சென்டர் நடத்துகிறேன். 900 சதுர அடி, இரும்புத் தூண் நிறுத்தி மேலே ஜி.ஐ. ஷீட் போட்டது. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை 64 பிள்ளைகள், இரண்டு பேட்சாக வருவார்கள். ஏறி இறங்க ஒரே படிக்கட்டுதான். ஏப்ரல் மாதம் சாயங்காலம் நான்கு மணிக்கு அந்த ஷீட்டுக்கு அடியில் உட்கார முடியாது, பிள்ளைகளுக்கு மூக்கில் ரத்தம்கூட வந்திருக்கிறது. வெயிலுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன்.

ஆனால் எதையாவது வாங்கி ஒட்டிவிட எனக்கு மனம் வராது. 2004 ஜூலை 16 அன்று நான் ஒன்பதாம் வகுப்பு. கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்தில் கூரை பற்றி 94 குழந்தைகள் போனார்கள். அன்றைக்கு எங்கள் பள்ளியை மத்தியானமே விட்டுவிட்டார்கள், அம்மா ரோட்டு முனை வரை ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதது இப்பவும் ஞாபகம் இருக்கிறது. சமையல் செய்த இடத்துத் தீ கீற்றுக் கூரைக்கு ஏறியது, அவ்வளவுதான். அதற்கப்புறம்தான் பள்ளிகளில் கீற்றுக் கொட்டகையை எடுக்கச் சொல்லி அரசு உத்தரவு வந்தது. இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் பிள்ளைகள் தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இருக்க மாட்டோம்.

இதைத்தான் அந்தக் கம்பெனி ஆள் பிடித்துக்கொண்டார்.

தளத்தில் விசாரித்த பத்தாவது நிமிடம் போன் வந்தது. மூன்றாவது நாள் நேரிலேயே வந்துவிட்டார். நாற்பது வயது இருக்கும், இஸ்திரி போட்ட சட்டை, நிதானமான பேச்சு. உள்ளே நுழைந்ததும் விலை பேசவில்லை. படிக்கட்டைப் பார்த்தார், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார், மேலே பார்த்தார். அப்புறம் சொன்னார்: "கும்பகோணம் பக்கத்துல இருக்கீங்க மேடம், நான் சொல்லணுமா? அந்தப் பிள்ளைங்களை நினைச்சுப் பாருங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அவர் சொன்ன விஷயங்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அதுதான் இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. எரிமலைப் பாறையை உருக்கி நூலாக இழுத்துச் செய்வதுதான் ராக்வுல், அது எரியாது, ஆயிரம் டிகிரியைத் தாங்கும் என்றார். உண்மை. இரும்புத் தூண் எரியாது, ஆனால் 550 டிகிரி வாக்கில் பாதிப் பலத்தை இழந்துவிடும், அதனால் சூட்டில் உப்பி நுரை மாதிரித் தடித்துத் தூணை மூடிக்கொள்கிற பெயின்ட் அடிக்க வேண்டும் என்றார். உண்மை. கீழே மெயின் போர்டிலிருந்து மாடிக்கு ஒயர் வருகிற ஓட்டையைக் காட்டி, தீயைவிடப் புகைதான் ஆளைக் கொல்லும், இந்த மாதிரி ஓட்டை வழியாகத்தான் மாடி மாடியாக ஏறும் என்றார். 2011-ல் கொல்கத்தாவில் ஒரு மருத்துவமனையின் அடித்தளத்தில் பிடித்த தீயில் மேல் மாடி நோயாளிகள் புகையில் மூச்சுத் திணறியே செத்தார்கள் என்பதையும் சொன்னார். அதுவும் உண்மை. எல்லாம் தெரிந்த மனிதர். தெரிந்துகொண்டே செய்திருக்கிறார்.

பிறகு பையிலிருந்து ஒரு துண்டு எடுத்தார். செங்கல் அளவு, பச்சையும் பழுப்பும் கலந்த நிறம், அமுக்கினால் கடினமான பஞ்சு மாதிரி. கூடவே ஒரு சின்ன கேஸ் டார்ச். ஒரு பக்கம் நீலத் தீயைப் பிடித்தார், அந்த இடம் சிவந்து கனன்றது. "பின்னாடி கையை வைத்துப் பாருங்க மேடம், பயப்படாம வைங்க" என்றார். வைத்தேன். இரண்டு நிமிடம் வைத்திருந்தேன். காய்ச்சல்காரன் நெற்றி அளவுக்குக்கூடச் சூடு இல்லை. என் கணவரையும் கூப்பிட்டு வைக்கச் சொன்னேன். அந்த இரண்டு நிமிடத்தில் முடிவு செய்துவிட்டேன். வேறு யாரிடமும் விலைகூடக் கேட்கவில்லை.

கொட்டேஷன் தெளிவாக இருந்தது. 50 மில்லிமீட்டர் ராக்வுல், ஒரு கன மீட்டருக்கு 64 கிலோ அடர்த்தி, அடியில் அலுமினிய ஃபாயில், சதுர அடிக்கு 140 ரூபாய் வீதம் 1,26,000. தூண்களுக்கு அந்தப் பெயின்ட், ஒயர் ஓட்டைகளை அடைப்பது எல்லாம் சேர்த்து 60,000. மொத்தம் ரூ. 1,86,000. சீட்டுப் பணம் ஒரு லட்சம் இருந்தது, மீதிக்கு என் இரண்டு வளையலை அடகு வைத்தேன். கூடவே ஒரு ஆய்வகச் சோதனை அறிக்கையின் நகல் கொடுத்தார், முத்திரையெல்லாம் இருந்தது. முத்திரையைப் பார்த்தேன், உள்ளே இருந்ததைப் படிக்கவில்லை.

மே மாதம் விடுமுறையில் வேலை. முதல் நாள் வந்த இரண்டு கட்டுகளை என் முன்னால்தான் பிரித்தார்கள். அதே பச்சைப் பழுப்பு, அசல். வாசல் பக்கம் இரண்டு வரிசை வைத்து ஃபாயில் ஒட்டுவதையும் பார்த்தேன். மறுநாளிலிருந்து, "தூசி பறக்கும் மேடம், மூச்சுக்கு ஆகாது, கீழேயே இருங்க" என்றார்கள். ராக்வுல் தூசி அரிக்கும் என்பது சரிதானே, நான் போகவில்லை. டீ மட்டும் படிக்கட்டு வரை கொண்டுபோய் வைத்தேன். நான்கு நாளில் வேலை முடிந்தது. கட்டுகள் வந்த உறைகளைக்கூட விடாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறார்கள் என்று என் மாமியாரிடம் சொன்னேன்.

ஃபாயில் பளபளவென்று இருந்தது. சூடும் குறைந்தது, அதனால் சந்தேகமே வரவில்லை. தெர்மாகோலும் சூட்டைத் தடுக்கும், யாருக்குத்தான் தெரியாது.

ஜூனில் நடுவில் இன்னொரு ஃபேன் மாட்ட எலக்ட்ரீஷியன் தம்பி வந்தான், என்னிடம் படித்த பையன். மேலே டிரில் போட்டவன் ஏணியிலிருந்தே கூப்பிட்டான்: "டீச்சர், இது என்ன டீச்சர், தெர்மாகோல் கொட்டுது?" அவன் தலை, தோள் எல்லாம் வெள்ளை. வேறு நான்கு இடத்தில் கீறிப் பார்த்தோம். வாசல் பக்கத்து இரண்டு வரிசை தவிர எல்லாமே தெர்மாகோல்.

ஒரு துண்டைப் பின்கட்டில் மணல் மேல் வைத்துத் தீக்குச்சி கிழித்தேன். முதலில் சுருங்கியது, அப்புறம் பற்றியது, எரிந்தபடியே சொட்டுச் சொட்டாக ஒழுகியது. கரும்புகை. கையளவு துண்டுதான், அதற்கே பின்கட்டில் நிற்க முடியவில்லை, என் கணவர் மணலை அள்ளிக் கொட்டினார். இது என் 64 பிள்ளைகளின் தலைக்கு மேலே முழுக் கூரைக்கும் இருந்தது. ஒரு ஒயர் சூடாகித் தீப்பொறி விழுந்திருந்தால், எரிகிற சொட்டு அவர்கள் தலையில் விழுந்திருக்கும். ஷீட்டை வெறுமனே விட்டிருந்தால்கூட இந்த ஆபத்து கிடையாது. காசு கொடுத்து நானே ஏற்றி வைத்திருக்கிறேன்.

தூண் பெயின்டையும் சுரண்டி லைட்டரில் காட்டினோம். உப்பவே இல்லை, கருகி உதிர்ந்தது. சாதாரண எனாமல். ஒயர் ஓட்டையில் அடைத்திருந்தது ஜன்னல் சந்துக்கு அடிக்கிற மஞ்சள் நுரை ஸ்பிரே. அதுவும் எரிகிறது.

அன்றைக்கே போன் செய்தேன். "தெர்மாகோல்னு சொல்லாதீங்க மேடம், அது ஃபயர் கிரேடு இபிஎஸ்" என்றார். இபிஎஸ் என்பது தெர்மாகோலுக்கு இன்னொரு பெயர்தான். எரிந்த வீடியோவை அனுப்பினேன். "நேரா நெருப்பு வெச்சா எதுவும் எரியத்தான் செய்யும்." கையை வைத்துப் பாருங்கள் என்று சொன்ன அதே வாய். இரண்டாம் நாள், சைட் இன்ஜினியர் ஊருக்குப் போயிருக்கிறார் என்றார்கள். நான்காம் நாள் வேறு ஒரு பெண் எடுத்து, கொட்டேஷனின் கடைசிப் பக்கத்தில் "அல்லது அதற்கு இணையான பொருள்" என்று இருப்பதைப் படித்துக் காட்டினார். இருந்தது, பொடி எழுத்தில். பில்லை எடுத்துப் பார்த்தால் ராக்வுல் என்ற வார்த்தையே இல்லை, "இன்சுலேஷன் மெட்டீரியல் மற்றும் கூலி, ரூ. 1,86,000" என்று ஒரே வரி. ஆறாம் நாள், "நீங்களே மாத்தி வெச்சுட்டு எங்க மேல பழி போடலாம்ல மேடம்?" என்றார்கள். அதற்கப்புறம் என் நம்பரையும் என் கணவர் நம்பரையும் பிளாக் செய்துவிட்டார்கள். அக்கம்பக்கத்தார் போனில் கூப்பிட்டால் எடுக்கிறார்கள், என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறார்கள்.

அந்தச் சோதனை அறிக்கையை அப்போதுதான் வரி வரியாகப் படித்தேன். அது வேறொரு கம்பெனி சுவர்ப் பலகைக்கு எடுத்தது. 100 மில்லிமீட்டர். எனக்கு விற்ற பொருளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

தளத்துக்கு மூன்று முறை எழுதினேன். "நாங்கள் விற்பவரையும் வாங்குபவரையும் இணைப்பவர்கள் மட்டுமே" என்று மூன்று முறையும் ஒரே பதில். பச்சை டிக் பற்றிக் கேட்டால், அது அவர்களுடைய ஜி.எஸ்.டி. எண்ணையும் முகவரியையும் சரிபார்த்ததற்காம், சரக்குக்கு இல்லையாம். அந்தக் கம்பெனியின் பக்கம் இன்றைக்கும் பச்சை டிக்கோடு அப்படியே இருக்கிறது. நேற்று அதில் ஒரு பிரசவ மருத்துவமனை வேலையின் போட்டோ புதிதாக ஏறியிருக்கிறது, பளபளவென்று ஃபாயில். அதற்கு உள்ளே என்ன வைத்து மூடினார்கள் என்று நினைத்தால் எனக்கு உடம்பு பதறுகிறது. அந்த மருத்துவமனை எந்த ஊர் என்று போடவில்லை. யாருக்காவது அந்த மாதிரிச் சமீபத்தில் வேலை நடந்திருந்தால், தயவுசெய்து இரண்டு மூன்று இடத்தில் கீறிப் பாருங்கள். ஃபாயிலை அப்புறம் டேப் போட்டு ஒட்டிக்கொள்ளலாம்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதுகிறேன் என்றேன். மணி நாலாகிவிட்டது, ஏழு மணிக்குக் கூரைத் தெர்மாகோலைப் பிரிக்கிற ஆட்கள் வருகிறார்கள். முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். சாம்பிளில் தீ வைத்துக் காட்டினால் நம்பாதீர்கள், வந்து இறங்கிய கட்டுகளில் நீங்களே நடுவிலிருந்து ஒன்றை உருவி, அதை எரித்துப் பாருங்கள். மூடுவதற்கு முன்னால் மாஸ்க் போட்டுக்கொண்டு மேலே ஏறிப் பாருங்கள், தூசி என்று சொன்னாலும் ஏறுங்கள். பில்லில் பொருளின் பெயர், தடிமன், அடர்த்தி மூன்றும் இல்லாமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள், நான் வேலை முடிவதற்கு முன்னாலேயே முழுசையும் கொடுத்துத் தொலைத்தேன். சோதனை அறிக்கையில் யார் பெயர், எந்தப் பொருள் என்று படியுங்கள். "அதற்கு இணையான" என்ற வார்த்தையை அடித்து நீக்கச் சொல்லுங்கள்.

ஏமாந்துவிட்டால் 1915-க்கு அடியுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். ஐந்து லட்சம் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். தொழிலுக்கு வாங்கியது, செல்லாது என்று கம்பெனிக்காரர்கள் சொல்வார்களாம். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக நடத்துகிறவர்களுக்கு அது பொருந்தாது என்று வக்கீல் சொன்னார். புதன்கிழமை மனு கொடுக்கிறோம்.

பிரித்து எடுக்கக் கூலி தனியாக 14,000. அது இந்த ரூ. 1,86,000-ல் சேராது. பத்தாம் வகுப்பு எங்கள் ஹாலில் உட்காருகிறது, மற்றவர்கள் திண்ணையிலும் எதிர்வீட்டு அத்தையின் தாழ்வாரத்திலும். பெற்றோர் எல்லாரையும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். இரண்டு பேர் பிள்ளையை நிறுத்திவிட்டார்கள், அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. டிரில் போட்ட இடத்துத் துண்டையும், அசல் ராக்வுல் ஒன்றையும் எலக்ட்ரீஷியன் தம்பியின் கையெழுத்தோடு பையில் போட்டுக் கட்டி பீரோவில் வைத்திருக்கிறேன்.